சங்கத்து பழைய சர்வரில் ரெய்டு மேனேஜர்

12 மே 2023, வெள்ளி, சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)
சங்கத்து சர்வரில் இன்னும் சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் சிஸ்டம்தான். 2011-ல் வந்தது, 2020 நவம்பரோடு அப்டேட் நின்றுவிட்டது. மாற்றலாம் என்றால், 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் காகிதங்களை, அவர்கள் பேரப்பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க ஸ்கேன் பண்ணி அடுக்கி வைத்திருக்கும் மென்பொருள் புதிய சிஸ்டத்தில் ஓடாது. 2 டிபி டிஸ்க் நான்கு, நான்கையும் ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 5 முறை, அதை நடத்தும் கார்டு எல்எஸ்ஐ 9260. ஒரு டிஸ்க் போனால் தாங்கும். போனது தெரியாமலே இருந்து இன்னொன்றும் போனால் அவ்வளவுதான். அதனால் டிஸ்க்குகளைக் கண்காணித்துச் சொல்லும் மெகாரெய்டு ஸ்டோரேஜ் மேனேஜர் மென்பொருளைப் போட்டே ஆக வேண்டும்.

13 மே, சனி
அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் சி ஷெல் என்ற கட்டளை மொழியில் எழுதியது, இந்த மெஷினில் சி ஷெல் இல்லை. சரி, பேக்கேஜ்களை இறக்கிப் போடும் யம் கட்டளையில் எடுக்கலாம் என்றால், அவற்றைத் தரும் மிரர் சர்வர் எதுவும் பதில் சொல்லவில்லை. சென்ட்ஓஎஸ் 6-இன் பேக்கேஜெல்லாம் வால்ட் என்ற பழைய கிடங்குக்குப் போய்விட்டன, யம் எங்கிருந்து இறக்க வேண்டும் என்று சொல்லும் ரெப்போ கோப்பில் மிரர்லிஸ்ட் வரியை மறைத்து வால்ட் முகவரியை 6.10 என்று போட்டதும் இறங்கியது. சிஸ்டம் 64 பிட் என்றாலும் மேனேஜர் 32 பிட் லைப்ரரிகளும் கேட்கும், அதையும் சேர்த்துப் போடுங்கள். அதற்குள் லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) நேரம் வந்துவிட்டது, ஒழுங்காக ஷட்டவுன் பண்ணிவிட்டுக் கிளம்பினேன்.

14 மே, ஞாயிறு
மேனேஜரின் சர்வீஸ் ஓடுகிறது, ஆனால் லாகின் திரையில் சர்வர் பெயரே வரவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் மெஷினின் பெயரையும் ஐபியையும் எழுதி, ஃபயர்வாலில் மேனேஜர் பேசும் 3071 போர்ட்டைத் திறந்து, சர்வீஸை மறுபடி கிளப்பினேன். வந்தது. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனால் மூன்றாவது டிஸ்க் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், சீக்கிரம் போகப்போகிறது என்று எச்சரிக்கை! கார்டின் பேட்டரியும் செத்திருக்கிறது, அதனால் கார்டின் கேஷ் (தற்காலிக நினைவகம்) தானாகவே ரைட் த்ரூவுக்கு, அதாவது எழுதுவதை உடனே டிஸ்க்குக்கே அனுப்பும் முறைக்கு, மாறியிருந்தது. எழுதுவது மெதுவாகும், ஆனால் பேட்டரி இல்லாமல் ரைட் பேக்கை (முதலில் கேஷில் வைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதும் முறை) கட்டாயப்படுத்தி வைக்காதீர்கள், அதுவும் கரண்ட் இப்படிப் போய்ப்போய் வரும் ஊரில். கேஷில் நிற்கும் தகவல் கரண்டோடு போய்விடும்.

17 மே, புதன்
பழுதாகும் டிஸ்க்கை உடனே உருவிப் புதியதைச் செருகத்தான் எல்லோருக்கும் கை வரும். ஆனால் ரீபில்டு (மற்ற டிஸ்க்குகளிலிருந்து புதியதில் தகவலைத் திரும்பக் கட்டுவது) முடிகிறவரை ரெய்டுக்குப் பாதுகாப்பே கிடையாது, அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் படுத்தால் மொத்தமும் போச்சு. கார்டில் எட்டு டிஸ்க்குக்கு இடம் உண்டு, அதனால் டிஸ்க் செருகும் காலி இடம் ஒன்றில் புது டிஸ்க்கைப் போட்டு, பழையதிலிருந்து நேராகப் புதியதற்கு நகலெடுக்கும் காப்பிபேக் ஓட்டினேன், பழையது உயிரோடு இருக்கும்போதே எல்லாம் புதியதற்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் ஸ்கேன்கள் முழுவதையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, செயலாளர் அம்மா வீட்டு பீரோவில் வைத்தாயிற்று. ரெய்டு ஒருநாளும் பேக்கப் ஆகாது.

இனி டிஸ்க் பற்றிய அலர்ட் மெயில், சர்வரிலிருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் மென்பொருள் வழியாக எனக்கும் அம்மாவுக்கும் வரும், சோதனை மெயில் வந்துவிட்டது. அப்டேட் இல்லாத சிஸ்டம் என்பதால் ரூட்டரில் மெயில் போகும் வழியை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அடைத்தேன். புது பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.