ட்ராக்ஷன் கருவி வாங்கும் முன் உங்கள் நாளைப் பாருங்கள்

ஆணுறுப்பு வளைந்துபோகிற பெய்ரோனி நோய்க்கு ட்ராக்ஷன் கருவி, அதாவது உறுப்பை மெதுவாக இழுத்துப் பிடித்து வைக்கிற கருவி, வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு இருக்க உங்களால் முடியும்? வருடக் கணக்கில் இந்த நோயோடு இருக்கிறேன். தமிழில் இதைப் பற்றித் தேடினால் வருவதெல்லாம் லேகியமும் எண்ணெயும் நீளமாக்கித் தருகிறோம் என்ற விளம்பரமும்தான். அதனால் எனக்குத் தெரிந்ததை வெட்கப்படாமல் எழுதி வைக்கிறேன்.

நோய் என்னவென்று சுருக்கமாக. ஆணுறுப்புக்குள் விறைப்பின்போது ரத்தம் நிரம்பும் இரண்டு குழல்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ட்யூனிகா அல்புஜினியா என்று ஒரு உறை. அந்த உறையில் நமக்கே தெரியாமல் சின்னச் சின்ன அடி பட்டு, ஆறும்போது சிலருக்கு மட்டும் கெட்டியான தழும்பாகிவிடுகிறது. உறையின் மற்ற பகுதி விரியும், தழும்பு விரியாது. அதனால் தழும்பு இருக்கிற பக்கமாக வளைகிறது, நீளமும் குறைகிறது, விரலால் தொட்டால் கட்டி போலத் தட்டுப்படுகிறது. இது புற்றுநோய் இல்லை, யாருக்கும் தொற்றாது. பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயிக்கு அறுவை மருத்துவராக இருந்த பெய்ரோனி 1743இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார், ஆகவே நேற்று முளைத்த நோயும் இல்லை. லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு ஊர் என்று வருகிறவர்கள், சின்ன வயதுக் கைப்பழக்கம்தான் காரணம் என்று சொல்லி பயமுறுத்திப் பணம் பிடுங்குவார்கள். ஐம்பது வயதில் ஒரு மனுஷனை இதைவிடக் கேவலமாகக் குற்ற உணர்ச்சியில் தள்ள முடியாது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று, பிறவியிலேயே லேசாக வளைந்திருப்பது வேறு விஷயம். இருபது வயதுப் பையன், எப்போதுமே இப்படித்தான், வலி இல்லை, கட்டி இல்லை என்றால் அவனுக்கு பெய்ரோனி இல்லை. அவன் இந்தக் கருவிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

நான் முதலில் போன இடத்தில் வைட்டமின் ஈ மாத்திரை கொடுத்தார்கள், கூடவே வெளியிலிருந்து அதிர்வலை செலுத்துகிற ஷாக்வேவ் சிகிச்சைக்கு ஒரு பேக்கேஜ் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வைட்டமின் ஈ, டமாக்ஸிஃபென், ஒமேகா 3 எதையும் இதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷாக்வேவ் வலியைக் குறைக்கலாம், வளைவைக் குறைப்பதற்காக அதைச் செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அது தெரிந்த பிறகு வேறு யூராலஜிஸ்ட்டைப் பார்த்தேன். அவர் என் உள்ளங்கைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அப்புறம் அவரே சொன்னார்: இந்த நோய் வருகிற சிலருக்கு உள்ளங்கையிலும் இதே மாதிரி கெட்டித் தழும்பு வந்து விரல் மடங்கிக்கொள்ளும், ட்யூபைட்ரன் என்று பெயர். சர்க்கரை பார்த்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாக வருகிறது, எனக்கும் சர்க்கரை உண்டு. ஊசி போட்டு விறைக்க வைத்து, ஸ்கேன் எடுத்து, வளைவு எத்தனை டிகிரி என்று அளந்து எழுதினார். அந்த எண் மிக முக்கியம். அது இல்லாமல் கருவி வாங்கினால் பலன் தெரிகிறதா இல்லையா என்று கடைசி வரை தெரியாது, கண்ணாடி முன் நின்று இன்றைக்கு நன்றாக இருக்கிற மாதிரி இருக்கிறது, இன்றைக்கு இல்லை என்று மனசு அலைபாய்ந்துகொண்டே இருக்கும்.

சரி, கருவிக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: மெதுவாக, தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் தழும்பிலுள்ள கொலாஜன் என்ற நார்ப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி அமைகிறது. பல் டாக்டர் க்ளிப் போட்டு மாதக் கணக்கில் பல்லை நகர்த்துகிற மாதிரிதான். பலமாக இழுத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது கிடையாது, காயம்தான் ஆகும்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. 2008இல் அமெரிக்காவில் லெவின் என்ற யூராலஜிஸ்ட்டின் குழு பத்துப் பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வில் எல்லோருக்கும் வளைவு குறைந்தது, 10 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை. தினம் 2 முதல் 8 மணி நேரம், ஆறு மாதம். அடுத்த வருடமே இத்தாலியில் கொன்டேரோ குழு, தினம் குறைந்தது 5 மணி நேரம் என்று ஆறு மாதம் செய்து பார்த்தபோது வளைவு சராசரியாக 31 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குத்தான் வந்தது, நீளம்தான் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியது. பிறகு 2014இல் ஸ்பெயினில், வலி இருக்கிற ஆரம்பக் கட்டத்திலேயே தொடங்கியவர்களுக்குச் சராசரியாக 20 டிகிரி குறைந்தது என்று வந்தது. இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: நேராகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உறவுக்குத் தடையாக இருக்கிற வளைவு தடையில்லாத அளவுக்கு வரலாம், போன நீளத்தில் கொஞ்சம் திரும்பலாம். என்னைப் பொறுத்தவரை அது சின்ன விஷயம் இல்லை.

சந்தையில் இருக்கிற கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பழைய வகை கம்பிக் கருவி: அடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம், இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த கம்பி, முனையில் மொட்டுக்குக் கீழே பிடிக்கிற சிலிக்கான் பட்டை. ஸ்பெயின் தயாரிப்பான ஆண்ட்ரோபீனிஸ் இந்த வகை. எளிமையானது, கம்பித் துண்டுகளைச் சேர்த்து நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். கஷ்டம் என்னவென்றால் பட்டை மெல்லிய இடத்தில் இறுக்கிப் பிடிப்பதால் வலிக்கும், மொட்டு மரத்துப்போகும், வியர்த்தால் நழுவும், அதோடு பல மணி நேரம் போட்டாக வேண்டும். இரண்டாவது வகை காற்றை உறிஞ்சிப் பிடிப்பது. பெனிமாஸ்டர் ப்ரோ, ஃபல்லோசான் இரண்டும் இப்படி. மொட்டு ஒரு சின்னக் கிண்ணம் மாதிரியான அறைக்குள் போய்விடும், இழுவிசை மொட்டு முழுக்கப் பரவுவதால் வலி குறைவு. இடுப்புப் பட்டையோடு மாட்டினால் தொளதொள பேன்ட்டுக்குள் வெளியே தெரியாது. இதற்கும் மணிக் கணக்கில் நேரம் வேண்டும்.

மூன்றாவது ரெஸ்டோர்எக்ஸ். அமெரிக்காவில் மேயோ க்ளினிக்கோடு சேர்ந்து உருவானது. இதில் ஒரு வித்தியாசம், நேராக இழுப்பதோடு வளைவுக்கு எதிர்ப் பக்கமாக மடக்கியும் வைக்கலாம். தினம் 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை போதும் என்பதுதான் இதன் கணக்கு. 2019இல் வெளியான இதன் ஆய்வில் 110 பேர், சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்து ஒரு பகுதிக்குக் கருவி கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் கருவி போட்டவர்களுக்குச் சராசரியாக 11.7 டிகிரி குறைந்தது, நீளம் 1.5 சென்டிமீட்டர் கூடியது, போடாதவர்களுக்கு மாற்றமே இல்லை என்று சொல்லலாம். கருவியை விற்பதில் அக்கறை உள்ளவர்கள் செய்த ஆய்வு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலை பல நூறு டாலர், மேலே சுங்க வரி.

இவற்றைத் தவிர ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு, பெயர் தெரியாத கம்பிக் கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஸ்பிரிங்கில் எத்தனை கிராம் விசை என்ற குறியே இருக்காது, வளையத்தின் விளிம்பு மழமழப்பாக இருக்காது. எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாத ஒன்றை அந்த இடத்தில் மாட்டுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இப்போது நாளைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். நான் வேலைக்குப் போகிறவன், டூவீலரில் போகிறவன். வண்டியில் உட்கார்ந்தபடி கம்பிக் கருவி போட முடியாது, ஆபீசில் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கும், வீட்டில் அம்மா இருக்கிறார், மகன் இருக்கிறான். எனக்கு நிம்மதியாகக் கிடைப்பது விடியற்காலையும் ராத்திரி படுக்கும் முன்னும்தான். இப்படி இருக்கிறவன் ஆறு மணி நேரக் கருவி வாங்கினால் அது அலமாரிக்குத்தான் போகும். அதனால் டாக்டரிடம் பேசி குறைந்த நேரக் கருவியை எடுத்தேன், வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்பினார். மாறாக, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், ரிட்டயர் ஆனவர், நாள் முழுக்க வேட்டியிலோ லுங்கியிலோ இருக்கிறவர் என்றால் உறிஞ்சும் வகை நன்றாகவே ஒத்துவரும், இடையில் இடையில் கழற்றி மாட்டிக்கொண்டே மொத்த நேரத்தைச் சேர்த்துவிடலாம். எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் அதுதான், நீங்கள் விடாமல் போடக்கூடியது எதுவோ அது.

நம்மில் பெரும்பாலோருக்கு முன்தோல் இருக்கிறது, இந்தக் கருவிகளின் கையேடுகளோ சுன்னத் செய்தவர்களை மனதில் வைத்து எழுதியவை போலத்தான் இருக்கின்றன. தோல் மாட்டிக்கொண்டு நழுவும். உறிஞ்சும் வகையில் தோலைப் பின்னுக்குத் தள்ளித்தான் போட வேண்டியிருக்கும். கழற்றியவுடன் தோலை மறக்காமல் முன்னுக்கு இழுத்து விடுங்கள், பின்னாலேயே இருந்துவிட்டால் வீங்கி இறுகிக்கொண்டு எமர்ஜென்சி ஆகிவிடும். பிடிக்கிற இடத்தில் மெல்லிய ஒட்டும் பேண்டேஜ், அதாவது தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் அந்த மீள் துணி, ஒரே ஒரு சுற்று, இறுக்காமல் சுற்றினால் நழுவுவது நிற்கிறது. சித்திரை வெயிலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் வியர்க்கும், துடைத்துக் காய வைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

முதல் வாரங்களில் குறைந்த விசையில், சில நிமிடங்களில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். இழுபடுகிற உணர்வு இருக்கலாம், வலி இருக்கக் கூடாது. அவ்வப்போது மொட்டைப் பாருங்கள். நிறம் நீலமாகவோ வெளுத்தோ மாறினால், சில்லென்று ஆனால், மரத்துப்போனால் அந்த நிமிடமே கழற்ற வேண்டும். கழற்றி மெல்லத் தேய்த்துவிட்டு, நிறமும் சூடும் திரும்பிய பிறகுதான் மறுபடியும். மாட்டிக்கொண்டு தூங்காதீர்கள். தூக்கத்தில் விறைப்பு வரும், ரத்த ஓட்டம் தடைப்பட்டால் தெரியாது.

அளப்பதற்கு மாதம் ஒருமுறை போதும். விறைத்திருக்கும்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ, மேலிருந்து ஒரு போட்டோ, ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில். மகனின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிற கோணமானியே போதும். போனில் அந்தப் போட்டோக்கள் தானாக கூகுள் போட்டோஸில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குடும்பமே பார்க்கிற அக்கவுண்ட்டாக இருந்தால் அவ்வளவுதான். எனக்கு ஆரம்பத்தில் நாற்பது டிகிரிக்குப் பக்கம், இப்போது முப்பதுக்குக் கொஞ்சம் கீழே. முதல் இரண்டு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

மனைவியிடம் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வளைவு வந்த பிறகு நான் பக்கத்திலேயே போகாமல் இருந்ததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னபோது, "இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? எனக்கு வேற யாரோன்னு பயம்" என்றாள். இந்த நோய் வந்த ஆண்கள் பலர் மனச்சோர்வில் விழுகிறார்கள், யாரிடமும் பேசாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கருவி போதாமல் போகலாம். வளைவு மிக அதிகம், அல்லது விறைப்பே சரியாக வரவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்த கொலாஜினேஸ் ஊசி ஒன்று, தழும்பைக் கரைப்பதற்கு. அறுவை சிகிச்சை என்றால், நோய் அடங்கி வளைவு சில மாதங்களாக மாறாமல் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் செய்வார்கள். எதிர்ப் பக்கத்தைச் சுருக்கித் தைக்கிற முறையில் நேராகும், ஆனால் நீளம் குறையும். தழும்பை வெட்டி ஒட்டுப் போடும் முறையில் நீளம் காப்பாற்றப்படலாம், விறைப்பு பாதிக்கும் ஆபத்து கூடுதல். அறுவைக்குப் பிறகு நீளம் குறையாமல் இருக்க ட்ராக்ஷன் கருவியையே போடச் சொல்கிற டாக்டர்களும் உண்டு, ஆகவே வாங்கிய கருவி வீணாகப் போகாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரையால் உணர்ச்சி மங்கியவர்கள், அந்த இடத்தில் புண்ணோ தொற்றோ இருப்பவர்கள், எந்த வகைக் கருவியாக இருந்தாலும் யூராலஜிஸ்ட்டைக் கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் கால் பாதத்தைச் சோதிக்கிற மாதிரி அங்கேயும் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் என் டாக்டர் சரி என்றார்.