செல்லோவுக்குப் போன பெல்ட்

மாஸ்டர் கிளாஸில் ஒரு மாணவர் மேடையேறி வாசிப்பார், பெரிய வித்வான் அவரை எல்லார் முன்னாலும் திருத்துவார். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து, 'நல்லவேளை, நாம் இல்லை' என்று நிம்மதியாகக் குறிப்பெடுப்பார்கள். நான் குறிப்பெடுக்கும் கோஷ்டி.

செல்லோ என்பது உட்கார்ந்து, உடம்போடு சாய்த்து வைத்து வில்லால் வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம். வந்திருந்த செல்லோ வித்வான் ஆர்கெஸ்ட்ராவிலும் வாசிப்பார், ஜாஸ் குழுவிலும் வாசிப்பார், ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டால் அங்கேயும் போவார். ஆளுக்கு என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று விசாரித்தார். முதல் மாணவர், பாக்கின் முதல் சூட், ஜி மேஜர் ப்ரிலூட் என்றார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய இசைத்தொகுப்பின் தொடக்கப் பகுதி அது. அடுத்தவரும் அதே. அதற்கடுத்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அதேதான் சார்."

முதல் மாணவர் ஆரம்பித்தார். மேடை வழவழவென்று பாலிஷ் போட்ட மரத்தரை. தரையில் ஓட்டை விழக்கூடாது என்று, செல்லோவின் அடியில் நீட்டிக்கொண்டு தரையில் ஊன்றும் கம்பியான எண்ட்பின்னின் முனைக்கு ரப்பர் மூடி போடச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது பாரிலேயே, அதாவது இரண்டாவது தாளச் சுற்றிலேயே, செல்லோ எங்களை நோக்கிக் கிளம்பிவிட்டது. அவரும் விடவில்லை, வில்லோடு பின்னாலேயே சாய்ந்துகொண்டு போனார். ஐந்தாவது பார் வரும்போது வாசிக்கிறாரா, படுத்திருக்கிறாரா என்றே தெரியவில்லை. சுதி மட்டும் பிசகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

வித்வான் சட்டென்று இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். முன் வரிசை கொஞ்சம் மிரண்டது. அவர் பாட்டுக்கு பக்கிளை நாற்காலியின் முன்காலில் மாட்டி, மறுமுனையின் துளையில் எண்ட்பின்னைச் செருகினார். செல்லோ கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது. ஆனால் அவருடைய பேன்ட் அந்த பெல்ட்டை நம்பித்தான் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதிலிருந்து பாடம் முழுக்க ஒற்றைக் கையால்தான்.

பேச்சுவாக்கில், பாக் காலத்தில் செல்லோவைக் கெண்டைக்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டுதான் வாசித்தார்கள், எண்ட்பின் பரவலானது 19ஆம் நூற்றாண்டில், பெல்ஜியத்துச் செல்லோ வித்வான் செர்வே போன்றவர்களால்தான் என்றார். மாணவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்படியே வாசித்துப் பார்க்கட்டுமா சார்?" வித்வான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! பெல்ட் திரும்பி வருமே.

வரவில்லை. செல்லோ மெல்ல மெல்ல வழுக்கி இறங்கியது. மூன்றாவது பாரில் எஃப் ஷார்ப் சுரம் வந்ததும் உள்ளேயிருந்து ஏதோ உறுமியது. செல்லோவின் உடல் அதிர்வும் தந்தியின் அதிர்வும் முட்டிக்கொள்ளும் இடம் அது, வுல்ஃப் டோன் என்பார்கள். "முட்டியால் அழுத்துங்கள், உறுமல் அடங்கும்," என்றார். அழுத்தினார், அடங்கியது. விட்டார், மறுபடி உறுமியது. அந்த விளையாட்டை நிறுத்தவே மனமில்லாமல் செய்துகொண்டிருந்தார். கடைசியில் பெல்ட் எண்ட்பின்னைக் கட்டிப்போடும் வேலைக்கே திரும்பியது.

"வில்லைக் கீழே வையுங்கள். அடியில் ஒலிக்கிற பேஸ் சுரத்தை மட்டும் விரலால் மீட்டுங்கள்." முதல் நாலு பாருக்கும் கீழே ஒரே ஜி தான், பாருக்கு இரண்டு வீதம் எட்டு. மாணவர் எட்டையும் மீட்டிவிட்டு, அவ்வளவுதானா என்று பார்த்தார். "அவ்வளவுதான். இதில் தாளம் நிற்காவிட்டால் மேலே எதுவும் நிற்காது," என்று சொல்லிப் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் முதல் பாதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த மாணவர் மேடையேறினார். செல்லோப் பெட்டியைத் திறந்து, எண்ட்பின்னுக்கென்றே விற்கிற அழகான பட்டை ஒன்றை எடுத்து நாற்காலிக் காலில் மாட்டினார்.

"இது முதலிலிருந்தே உங்களிடம் இருந்ததா?" என்றார் வித்வான்.

"இருந்தது சார். நீங்கள் பெல்ட் போட்டதும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்தேன்."