செம்மீன் படத்தைத் திரையிட நாங்கள் பட்ட பாடு

நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டத்தில் மலையாள எழுத்தாளர் தகழியின் செம்மீன் நாவலை, சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பில், படித்து முடித்தோம். அப்படியே ராமு காரியட் எடுத்த 1965 படத்தையும் சேர்ந்து பார்க்கலாம் என்று ஒருவர் கிளப்பிவிட, கூடம் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வாடகை, முன்பணம், ரசீது எல்லாம் சட்டென்று முடிந்தது. விண்ணப்பத்தில் ‘திரைப்படம்’ என்ற சொல்லைப் பார்த்ததும்தான் கிளார்க் பேனாவை மூடினார். தணிக்கைச் சான்றிதழ் நகல் வேண்டுமாம், உரிமையாளரின் கடிதம் வேண்டுமாம். கேட்பது நியாயம்தான், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கிய படம் சார், தென்னிந்தியாவிலிருந்து முதன்முதலாக வாங்கியதே இதுதான் என்றேன். “பதக்கத்துக்கு ஜெராக்ஸ் இருக்கா தம்பி?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உரிமையாளர் தரப்பைப் பிடிப்பது அதைவிடப் பெரிய கூத்து. போனை எடுக்க ஆளில்லை, மின்னஞ்சலுக்குப் பதிலில்லை. கடைசியில் திருவனந்தபுரத்தில் பழைய திரைப்படச் சங்கத்துக்காரர் ஒருவர்தான் வழி காட்டினார். கடிதம் வந்தது, ஆனால் முத்திரை இல்லை என்று கிளார்க் திருப்பி அனுப்பினார். முத்திரையோடு போனால் அதிகாரி கேம்ப் போயிருக்கிறார். நீங்கள் யாராவது இதைச் செய்வதாக இருந்தால், கடிதத்தில் தேதி, இடம், ‘கட்டணமில்லாத காட்சி’ மூன்றும் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அதிகாரி ஊரில் இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

அப்புறம் பிரதி. கடையில் வாங்கிய குறுந்தகட்டில் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் கடல் வெளிறி ரோஸ் நிறத்தில் கிடந்தது (மாயாபஜாரை ஒளிப்பதிவு செய்த அதே பார்ட்லி!). அகலத்திரைக்காகப் படத்தை இழுத்திருந்ததில் நாயகி கறுத்தம்மாவின் கணவன் பழனியாக வரும் சத்யன் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். மன்னா டே பாடிய பாட்டில் பாதியைக் காணோம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பழனியின் தூண்டிலில் சுறா மாட்டும் இடத்தில் தகடு நின்றேவிட்டது. கறுத்தம்மாவும் அவள் காதலன் பரீக்குட்டியும் பிணமாகக் கரை ஒதுங்காத செம்மீனை யாரிடம் போய்க் காட்டுவது? ஆரம்பத்தைப் போட்டுப் பார்த்து ‘சரி, ஓடுது’ என்று எடுத்து வைத்துவிடாதீர்கள், கடைசி அரை மணி நேரத்தை வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். நல்ல பிரதியையும் அந்தத் திருவனந்தபுரத்து அண்ணன்தான் கொடுத்துதவினார்.

படம் நன்றாக ஓடியது. தமிழ் வசன வரிகள் இல்லையே என்ற கவலைக்கு வேலையே இல்லை, எங்கள் பக்கத்தில் மலையாளம் புரியாதவர்கள் குறைவு. முடிந்த பிறகு, கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் பெண்ணின் கற்பில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையைப் படம் கேள்வி கேட்கிறதா, அப்படியே ஏற்றுக்கொள்கிறதா என்று வாட்ச்மேன் விளக்கை அணைக்கும் வரை சண்டை.

முன்பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ரசீதின் அசலோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் கிளார்க். அசலை அவரே வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறார்.