பீடித் தெருவில் ஒரு வேதபாடம்

வேலூரில் நான் இறையியல் படித்த கல்லூரி மிகச் சின்னது. வகுப்பில் ஆள் குறைவு. அதனால் கிரேக்க இலக்கணமானாலும் காலை ஜெபமானாலும் நம் முறை சீக்கிரமே வந்துவிடும். யாரும் பின்வரிசையில் ஒதுங்க முடியாது. எனக்கு அது பெரிய லாபம். பட்டம் வங்காளத்தில் இருக்கும் செராம்பூர் கல்லூரியுடையது. 1818-ல் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று மிஷனரிகள் தொடங்கி, 1827-ல் டென்மார்க் அரசரிடம் பட்டம் வழங்கும் உரிமைப் பட்டயம் பெற்ற கல்லூரி அது. ஆனால் சபைச் சரித்திரத்துக்கு வங்காளம்வரை போக வேண்டியதில்லை. 1853-ல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் இந்த மண்ணில் வளர்ந்ததுதான்.

வார இறுதி ஊழியத்துக்கு என்னைக் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் தெருவுக்கு அனுப்பினார்கள். "ஜெபம்னு சொல்லி ரொம்ப நேரம் கண்ணை மூட வைக்காதீங்க தம்பி. கை நின்னா கூலி நின்னுடும்" என்றார் ஆசிரியர்.

திண்ணையில் மடியில் முறத்தோடு பெண்கள். ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, புகையிலைத் தூள் வைத்து உருட்டி, முனையை மடக்கி நூல் சுற்றுவார்கள். முகம் நம்மைப் பார்க்கும். கை அதுபாட்டுக்கு ஓடும்.

ஒருநாள் பைபிளில் மத்தேயு 20-ஆம் அதிகாரம் சொன்னேன். நாளெல்லாம் உழைத்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாயும் நேரத்தில், வந்தவனுக்கும் ஆளுக்கு ஒரு பணம் என்று ஒரே கூலி கொடுத்த திராட்சத்தோட்டத்து எஜமான் கதை. ஓர் அம்மா கேட்டார்: "அந்த எஜமான் கழிவு எடுக்க மாட்டாரா தம்பி?"

அவர்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று ஒதுக்கும் பீடிக்குக் காசு கிடையாது. இலையே மட்டமாக வந்திருந்தாலும் நஷ்டம் சுற்றியவருக்குத்தான்.

நான் புரட்டிய வியாக்கியானங்கள் எல்லாம் கிருபையா, கிரியையா, அதாவது கடவுள் இலவசமாகத் தரும் தயவா, மனிதன் செய்யும் செயலா என்றே பேசின. அந்த அம்மா பார்த்தது வேறு: சாயங்காலம் கூலி கொடுக்கும் இடத்தில் யாருடைய வேலையையும் யாரும் சோதிக்கவில்லை. கதையில் அப்படி ஒரு வரியே இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னதும் ஆசிரியர் பாடத்தை மூடிவைத்துவிட்டு அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்தும் பேச்சு ஓயவில்லை. சிறிய வகுப்பில்தான் இதெல்லாம் நடக்கும்.

இப்போது நான் ஒரு சபையின் ஆயர். பயிற்சிக்கு வரும் மாணவர்களை முதலில் அப்படி ஒரு தெருவுக்குத்தான் அனுப்புகிறேன். பிரசங்கக் குறிப்பெல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.