என் ஓட்டு டோனி பேங்க்ஸுக்கு

ப்ராக்ரெஸிவ் ராக், அதாவது நீளநீளமான பாட்டும் சிக்கலான தாளமுமாக வரும் ராக் இசை, கேட்கிற இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இந்தச் சண்டை வந்துவிடும்: கீபோர்டில் யார் பெரிய ஆள்? எங்கள் வீட்டில் அக்கா மகன் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் கீத் எமர்சன் கட்சி. காட்பாடியில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கொயருக்கு வாசிக்கிற எனக்கு ஜெனிசிஸ் குழுவின் டோனி பேங்க்ஸ்தான். "சித்தி, அவர் மேடையில அசையவே மாட்டாரே" என்பான். பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்துவிடுவான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எமர்சனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஹாமண்ட் என்கிற மின்சார ஆர்கனின் கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகி, சுரம் நிற்காமல் ஒலிக்கவிட்டு ஆடியவர் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய இடது கைதான் முக்கியம். 1971இல் வந்த 'டார்கஸ்' தொடக்கத்தில் அந்தக் கை ஐந்தடிக் கணக்கை விடாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். வலது கை அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போகும். இரண்டு கையையும் பிரித்து வாசிக்கக் கற்றுத்தருகிறவளுக்கு அது எவ்வளவு உழைப்பு என்று தெரியும். யெஸ் குழுவின் ரிக் வேக்மேனும் அப்படித்தான். அவர்களுடைய 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாட்டின் நடுவில் அந்தப் பைப் ஆர்கன் எழும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அதை ஸ்டுடியோவில் அல்ல, லண்டனில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தின் நிஜ ஆர்கனில் பதிவு செய்தார்கள். பிங்க் ஃப்ளாய்டின் ரிச்சர்ட் ரைட்டுக்கு என் மனதில் இரண்டாம் இடம். 'எக்கோஸ்' பாட்டின் முதல் சுரத்தை நினைத்துப் பாருங்கள். பியானோவில் ஒரே ஒரு கட்டை, அதைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பியிருக்கிறார். அந்த ஒற்றைச் சுரத்தைப் பத்து நிமிட சோலோவுக்கு ஈடாகச் சொல்வேன்.

பேங்க்ஸ் என் காதுக்கு வந்த வழியைச் சொல்லவேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வேலூர்க் கடைவீதியில் இளையராஜா கேசட் எங்கும் கிடைக்கும், போனி எம் கிடைக்கும், அதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர் குடும்பம் ஒன்று ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அப்பா வாங்கிவந்த மேஜையோடு ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டும் வந்தது. அதில் ஒரு டிடிகே 90, அதாவது தொண்ணூறு நிமிடம் பதியும் கேசட். இரண்டு ஜெனிசிஸ் ரெக்கார்டுகளை அதில் பதிந்திருந்தார்கள். ஒரு பக்கம் 'ஃபாக்ஸ்ட்ராட்', 1972. மறுபக்கம் 'செல்லிங் இங்லண்ட் பை தி பவுண்ட்', 1973. இரண்டு ரெக்கார்டுமே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். கேசட்டின் ஒரு பக்கத்திலோ நாற்பத்தைந்து நிமிடம்தான் கொள்ளும். ஆகவே 'ஃபாக்ஸ்ட்ராட்'டின் கடைசியில் வரும் 'சப்பர்ஸ் ரெடி' என்கிற இருபத்துமூன்று நிமிடப் பாட்டு, 'அபொகலிப்ஸ் இன் 9/8' பகுதியில் ஆர்கன் சோலோ ஏறிக்கொண்டிருக்கும்போதே டக் என்று நின்றுவிடும். கல்லூரியில் சேர்ந்து மெட்ராஸ் போன பிறகுதான் மிச்சத்தைக் கேட்டேன். அதுவரை அந்த அறுந்த இடத்துக்கு மேல் என்ன வரும் என்று நானே ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்ப்பேன். பேங்க்ஸின் கையைப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

அந்தப் பகுதியில் நடப்பது இதுதான். கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸும் டிரம்ஸும் ஒன்பதடிக் கணக்கில் ஒரே உருவைத் திருப்பித் திருப்பி வாசிக்கின்றன. பேஸில் மொத்தம் மூன்றே சுரம்: ஈ, எஃப் ஷார்ப், பி. கீழே அது மாறாமல் நிற்பதால் மேலே பேங்க்ஸ் எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வேண்டுமானாலும் போடலாம். மேஜர் கார்டு வைத்தால் வெளிச்சம், அதே பேஸுக்கு மேல் ஒரு அரைச்சுரத்தை நகர்த்தினால் பயம். தம்புரா நின்று ஒலிக்கும்போது பாடகர் எங்கே போனாலும் நமக்குத் தொலைந்த உணர்வு வராதே, அந்தப் பலம் இதிலும் இருக்கிறது. எங்கள் தெருவில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் சாருக்கு ஒருநாள் இதைப் போட்டுக் காட்டினேன். ஆங்கில வார்த்தை ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. "சங்கீர்ணம்மா இது" என்று, ஒன்பது எண்ணிக்கைக்கான நம்மூர்ப் பெயரைச் சொல்லித் தொடையில் தட்ட ஆரம்பித்தவர், ஆர்கன் கணக்கைத் தாண்டி ஓடுகிற இடங்களில் தலையை ஆட்டிக்கொண்டு, கடைசி வரை தாளம் விடாமல் உட்கார்ந்திருந்தார்.

அதே ரெக்கார்டின் முதல் பாட்டு 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்'. அதன் முகப்பில் வருவது மெலட்ரான் என்கிற கீபோர்டு. கட்டைக்கு ஒரு டேப் வீதம் உள்ளே இருக்கும். அழுத்தினால் அந்த டேப் ஓடி, முன்பே பதிவான வயலினோ பித்தளை வாத்தியமோ ஒலிக்கும். எட்டு நொடி போல ஓடி டேப் தீர்ந்துவிடும், கையை எடுத்து மறுபடி வைக்கவேண்டும். சுருதியும் லேசாக அலையும். அந்தக் குறையையே பேங்க்ஸ் பயன்படுத்திக்கொண்டார். அசையாத பேஸின் மேல் பெரிய பெரிய கார்டுகளை மெதுவாக அடுக்கும்போது அந்த அலைச்சல்தான் ஒலிக்குக் கனம் தருகிறது. காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கனில் பாமாலை வாசித்து வளர்ந்தவள் நான். அந்தக் கார்டுகள் நகரும் விதம் எனக்குப் புதிதாகவே இல்லை. அவரும் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிச் சிற்றாலயத்தில் இதே மாதிரிப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

இனி கேசட்டின் மறுபக்கத்து 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'. என் ஓட்டு விழுவது இந்தப் பாட்டுக்காக.

ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தனிப் பியானோவில் தொடங்குகிறது. கேட்டால் ஆறு ஓடுவது போல இடறலே இல்லாமல் ஓடும். நோட்ஸைத் திறந்தால்தான் தெரியும்: 2/4, 13/16, 15/16 என்று கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. நாலு அடிக்குப் பதினாறு சின்னச் சுரம் வரவேண்டிய இடத்தில் ஒன்றைப் பிடுங்கிவிடுகிறார், இன்னோரிடத்தில் மூன்றை. பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்த மாணவி ஒருத்தி இதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விரலை விரித்து எண்ணி எண்ணி வாசித்தபோது ஒவ்வொரு பாரின் (தாளச் சுற்றின்) முடிவிலும் கை தடுக்கி நின்றது. எண்ணுவதை விட்டுவிட்டு மேல் சுரங்களை வாயால் பாடு, இடது கை தானே வரும் என்றேன். பாடிக்கொண்டே வாசித்தபோது அந்தக் குறைந்த சுரம் குறைந்ததாகவே தெரியவில்லை. மெட்டுக்கு அங்கே மூச்சு முடிகிறது, அவ்வளவுதான். சாமர்த்தியம் காட்டவேண்டும் என்று உட்கார்ந்து எழுதியவருக்கு இப்படி அமையாது.

மேடைக்கு அவர் கொண்டுபோன ஆர்எம்ஐ எலெக்ட்ரிக் பியானோவில் தொடுகை உணர்வு கிடையாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வரும் மலிவு கீபோர்டில் நான் தினமும் படும் பாடு அதுதான். அந்த வாத்தியத்தில் இந்த முகப்பு உயிரில்லாமல் போகும். ஆகவே மேடையில் அதையே விட்டுவிட்டார்கள். 1977இல் வந்த 'செகண்ட்ஸ் அவுட்' கச்சேரிப் பதிவைக் கேளுங்கள், நேரே பாடும் பகுதியில் தொடங்கும். தன்னுடைய மிகச் சிறந்த ஒரு நிமிடத்தை, சரியாக ஒலிக்காது என்பதற்காக வாசிக்காமல் விட்ட மனிதர் அவர்.

பாட்டின் நடுவில் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் புல்லாங்குழலில் ஒரு மெட்டு வாசிக்கிறார். சில நிமிடம் கழித்து அதே மெட்டைக் குழுவின் கிடாரிஸ்ட் ஸ்டீவ் ஹேக்கெட் கிடாரில் எடுத்து, நீட்டி, அழவைக்கிறார். இந்தப் பாட்டென்றாலே உலகம் சொல்வது அந்தக் கிடார் சோலோவைத்தான். மெட்டு பேங்க்ஸ் பியானோவில் உண்டாக்கியது. கிடார் பாடும் நேரம் முழுக்க அவர் அடியில் மெலட்ரானும் ஆர்கனும் பிடித்துக்கொண்டு, எங்கே கார்டை மாற்றினால் கிடார் இன்னும் உயரத்தில் நிற்கும் என்று பார்த்துப் பார்த்து மாற்றுகிறார். பாடுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தே வாசித்த எனக்கு அந்த வேலை தெரியும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு சின்னப் பையன் தனியாகப் பாடும்போது அவன் மூச்சு எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்து கார்டை அங்கே கொண்டுபோய் வைக்கவேண்டும். அதை மேலே சொன்ன எல்லாரும் செய்வார்கள். பேங்க்ஸ் அளவுக்கு அழகாகச் செய்தவரை நான் கேட்டதில்லை.

அக்கா மகன் இன்னும் எமர்சன் கட்சியிலேயே இருக்கிறான், இருக்கட்டும். கேட்டுப்பார்க்க நினைப்பவர்கள் முதலில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்', பிறகு 'தி சினிமா ஷோ', தெம்பிருந்தால் 'சப்பர்ஸ் ரெடி' என்று போங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் காதில் விழாவிட்டால் மேலே அவர் மாற்றுகிற கார்டு எதுவும் புரியாது. நல்ல ஹெட்போன் இல்லையென்றால் சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே வாருங்கள், பெரிய ஸ்பீக்கரில் போடுகிறேன்.