கிட்டூயி நாட்குறிப்பு: அறுபத்து நான்காவது வீடு

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

கென்யாவின் கிட்டூயியில் ஆழ்துளைக் கிணறு போட வந்த எங்கள் ரிக் வண்டியின் கம்ப்ரசருக்கு வேண்டிய உதிரிபாகம் மொம்பாசா துறைமுகத்தில் நிற்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து வந்த நாங்கள் நான்கு பேரும் ஒரு வாரமாக வேலையில்லாமல் இருக்கிறோம். இன்று வறண்ட ஆற்றைக் கடந்து அக்கரைக்கு நடந்தேன். ஊரே கூடி மண் மிதித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் அறுக்கிறார்களாம்.

இப்போதுள்ள பள்ளி எங்கள் முகாம் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேர நடை. மழை தொடங்கினால் இந்த ஆறு ஒரே இரவில் பெருகிவிடும். சின்னப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள்.

மண் குழைக்கத் தண்ணீர், ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுக்குழியிலிருந்து வருகிறது. ஒரு பெண் உள்ளே இறங்கிக் குவளையால் மொண்டு மொண்டு மஞ்சள் கேனில் ஊற்றுகிறாள். 20 லிட்டர் நிறையும்வரை நின்று பார்த்தேன். எங்கள் தொழிலே தண்ணீர்தான். எங்கே துளையிடுவது என்பது மட்டும் எங்கள் கையில் இல்லை.

17 ஆகஸ்ட், சனி

முதலாளியிடம் போனில் அனுமதி வாங்கி, துணை லாரியில் மணல் அடித்துக் கொடுத்தோம். மூன்று நடை.

இந்தப் பகுதியின் காம்பா இன மக்கள் இப்படிக் கூடிச் செய்யும் வேலையை முவேத்யா என்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். 63 வீடுகள், வீட்டுக்கு இத்தனை கல், இத்தனை கேன் தண்ணீர் என்று கணக்கு. செயலாளர் ஒரு பள்ளி நோட்டில் எல்லாவற்றையும் எழுதுகிறார். வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மை.

மதியம் முத்தோகோய் கொடுத்தார்கள். உமி போகக் குத்திய மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்தது. கம்பஞ்சோறு தின்று வளர்ந்த எனக்கு அந்த ருசி அந்நியமாக இல்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெரியவர் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. 1963-இல் நாடு விடுதலை பெற்றபோது அதன் தலைவர் ஜோமோ கென்யாட்டா ‘ஹராம்பே’ என்றார்; எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். அப்போது சிறுவனாக இருந்த இவர் பள்ளிக்குக் கல் சுமந்தார். 1985-இல் பாடத்திட்டத்தை மாற்றித் தொழில்கல்வியைச் சேர்த்தார்கள். பட்டறை கட்டும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழ, தகப்பனாக மறுபடி கல் சுமந்தார். இப்போது பேத்திக்காக.

2003-இல் தொடக்கக்கல்வி இலவசம் என்று அரசு அறிவித்தது. கட்டணம் போனது; இந்தக் கரைக்குச் சுவர் வரவில்லை. இந்த மக்களின் ஒற்றுமையைப் புகழ எனக்கு வாய் வரும். ஆனால் சர்க்கரைக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறவர்கள் பள்ளிக்கூடத்தையும் தாங்களே கட்ட வேண்டியிருப்பதை நியாயம் என்று சொல்ல வாய் வராது.

7 செப்டம்பர், சனி

சூளை பிரித்தாயிற்று. இன்று தகரத்துக்குப் பணம் திரட்டும் கூட்டம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் பெயரோடு வாசித்தார்கள்.

தனியாக வாழும் ஒரு பாட்டிக்குப் பங்கு வேண்டாம் என்று விலக்கு அளித்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. கால் கட்டிய சிவப்புக் கோழி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். கோழி ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, கோழியைத் திரும்ப மேசையிலேயே வைத்தார். மறுபடி ஏலம். ஐந்து முறை விலைபோனது அந்தக் கோழி. நான்காவது முறை எடுத்தது நாங்கள். ஐந்தாவதாக எடுத்த கடைக்காரர் அதைப் பாட்டியின் மடியிலேயே விட்டார். அவர் கோழியின் கால்கட்டை அவிழ்த்து, கயிற்றை உதறி முந்தானையில் முடிந்துகொண்டார்.

29 செப்டம்பர்

உதிரிபாகம் வந்துவிட்டது. இரவு பகலாக வேலை.

12 அக்டோபர், சனி

நாளை முகாம் கலைகிறது. சொல்லிவிட்டு வரப் போனேன். இரண்டு அறைகளுக்கு லிண்டல் மட்டம்வரை சுவர் எழுந்திருக்கிறது. தகரம் ஓர் அறைக்குத்தான். மழைக்கு முன் அந்த ஒன்றையாவது மூடிவிடப் பார்க்கிறார்கள். பள்ளி பதிவாகி அரசு ஆசிரியரை அனுப்பும்வரை, உயர்நிலை முடித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுப்பாள். அவளுக்குச் சம்பளமும் இந்த 63 வீடுகள்தான்.

செயலாளர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். கடைசி வரிசையில் 64 என்று எண் போட்டு ‘வாஹிந்தி’ என்று எழுதியிருந்தது. இந்தியர்கள். மணல் மூன்று நடை, கோழி ஒன்று. அதற்கு நேரே, மற்ற வீடுகளுக்குப் போலவே, சிவப்பு மையில் பாக்கி: தண்ணீர் பத்து கேன்.

காலையில் வண்டி கிளம்புமுன் கொண்டுபோய் ஊற்றிவிட வேண்டும்.