குருமா வாளியில் இறங்கிய வெப்பமானி

என் சித்தப்பா நடத்திவந்த சிறிய மெஸ்ஸில் நான் சில மாதங்கள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வந்தார். தரை கழுவி விடப்பட்டிருந்தது. மாஸ்டர் தலையுறை அணிந்திருந்தார். 14 இலக்கப் பதிவு எண்ணுடன் சான்றிதழ் கல்லாவுக்கு மேலே தொங்கியது. ஆகவே எங்களுக்குப் பயமே இல்லை. அவரோ இவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலை பதினொரு மணிக்கு இறக்கி வைத்திருந்த குருமா வாளியின் நடுவில் வெப்பமானியை இறக்கினார். அது 41 டிகிரி காட்டியது.

இரவில் மறுபடி கொதிக்க வைத்துத்தான் பரிமாறுவோம் என்று சித்தப்பா சொன்னார். நம் வீடுகளிலும் இருக்கும் நம்பிக்கைதான் அது. ஆனால் சூடாகப் பரிமாற வேண்டிய உணவு 60 டிகிரிக்குக் குறையாமலும், குளிர்ச்சியாக வைக்க வேண்டியது 5 டிகிரிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இருக்கிறது. சோற்றில் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் தப்பிப் பிழைத்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, பிறகு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சை உண்டாக்கக்கூடும். சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் அத்தகையதே. இரண்டிலும் ஊசிப்போன வாடையோ நூலிழுப்போ இருக்க வேண்டியதில்லை.

இதனால்தான், கெட்டுப்போன இறைச்சியைப் பறிமுதல் செய்து பினாயில் ஊற்றி அழித்தார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது எனக்கு முழு நிம்மதி வருவதில்லை. அழுகிய கறி மூக்குக்கே தெரிந்துவிடும். ஆளைக் கொல்லக்கூடிய கறி பெரும்பாலும் மணமாகவே இருக்கும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். ஷிகெல்லா பாக்டீரியா காரணமென்று கண்டறிந்தார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் ஷவர்மா சாப்பிட்ட பின் இறந்தாள். கம்பியில் அடுக்கிய கறியின் வெளிப்புறம்தான் நெருப்பைப் பார்க்கிறது. கூட்டம் நெருக்கும்போது வேகாத உட்புறம்வரை ஆழமாகச் சீவிவிடுவார்கள், கூட்டமில்லாதபோது அடுப்பைத் தணித்துவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததை நான் முழுமனத்துடன் வரவேற்றேன்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் மாதிரி எடுப்பதற்கு விரிவான முறை உண்டு. எடுத்த மாதிரியை நான்கு பங்காக்கி, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பினால், அவர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வழக்கு நடத்த அது தேவைதான். ஆனால் அன்று இரவு அந்தக் குருமாவைச் சாப்பிட இருப்பவரை அறிக்கை காப்பாற்றாது. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, குறைகளைக் குறிப்பிட்டு, திருத்திக்கொள்ளக் குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு கொடுக்க வழிசெய்கிறது. அபராதத்தைவிட இந்தப் பிரிவும், அதன் பிறகு அலுவலர் மறுபடி வந்து பார்ப்பதும்தான் சமையற்கட்டை மாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கள் மெஸ்ஸில் அதைக் கண்ணால் கண்டேன்.

அந்தக் குருமாவைச் சித்தப்பா அன்றே கொட்டினார். அவருக்கு மிகவும் மனவருத்தம். பின்னர் வாளிகளை வைக்க வெந்நீர்த் தொட்டி ஒன்று வாங்கினார். ஒவ்வொன்றையும் இறக்கிய நேரத்தை மாஸ்டர் சுவரிலிருந்த பலகையில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினார். மூன்றாவது வாரத்தில் அலுவலர் முன்னறிவிப்பின்றி வந்து, அதே நேரத்தில், அதே குருமாவில் வெப்பமானியை இறக்கினார். 66 டிகிரி. தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஃப்ரீசரைத் திறக்கச் சொன்னார்.